கடைசியாக எப்போது திருப்பி எடுத்துப் பார்த்தீர்கள்?

கண்டி டவுனிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் சின்ன வியாபாரங்களுக்கு சேர்வர் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஃபார்மஸி, ஹார்ட்வெயார் கடை, ஓரிரு ஹொட்டேல், ஒரு டியூஷன் வகுப்பு. முன்பெல்லாம் இவர்களுடைய பில்லிங் கல்லாவுக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் ஒரு கொம்பியூட்டரில் ஓடும். இப்போது பாதிப் பேர் கிளவுடுக்குப் போய்விட்டார்கள். மும்பையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு வேர்ச்சுவல் மெஷின், மாதம் பத்து இருபது டொலர் பில். "இனி பேக்கப் தொல்லை இல்லைதானே தம்பி, எல்லாம் கிளவுட்ல இருக்கே" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள்.

இந்த நிம்மதி நம்ம முதலாளிமாருக்கு மட்டும் வந்ததில்லை. அரசாங்கத்துக்கும் இருந்தது.

2023 ஓகஸ்ட் 26. கண்டியில் பெரஹரா நடந்துகொண்டிருந்த நாட்கள். லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்கிற அரச கிளவுடில் இருந்த அரச மின்னஞ்சல் சேர்வர்களுக்குள், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. ஜிஓவி டொட் எல்கே என்று முடியும் சுமார் 5,000 முகவரிகள் மாட்டிக்கொண்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் கிளவுடைப் பராமரித்துவந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், அதுதான் நாமெல்லாம் இக்டா என்று சொல்வது, 12 மணித்தியாலத்துக்குள் சேர்வர்களை மறுபடி ஓட விட்டது. அது லேசுப்பட்ட வேலை இல்லை, பாராட்டலாம். ஆனால் சேர்வர் எழுந்து நின்றபோது மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் அதற்குள் இல்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பையும் ரான்சம்வேர் பூட்டிவிட்டது. இணைப்பைக் கழற்றி வேறாக வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை.

அப்போது பத்திரிகைகளில் பேச்சு முழுக்க மென்பொருள் பழசு என்பதைப் பற்றித்தான். மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 இலேயே புதுசுக்கு மாற்ற நினைத்தார்கள், காசு இல்லாமலும் முன்னைய தீர்மானங்களாலும் இழுபட்டது என்று விளக்கமும் வந்தது. அதெல்லாம் சரி. ஆனால் அது கள்ளன் உள்ளே வந்த கதை. பொருள் போன கதை வேறு, அதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு உறுத்துவது அந்த மே 17 தான். அதற்குப் பிறகு 101 நாள். அத்தனை நாளில் யாராவது ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து, "கழற்றி வைத்த பிரதியில் நேற்று வந்த கடிதம் இருக்கா?" என்று திறந்து பார்த்திருந்தால் இழப்பு சில நாளோடு நின்றிருக்கும்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு அரச கிளவுடிலிருந்து அழிந்து போனது. அங்கே ரான்சம்வேர் இல்லை. ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் கைதானார். வெளியாள் பூட்டினாலும் உள்ளாள் அழித்தாலும், அந்தக் கையால் எட்ட முடியாத ஒரு பிரதி இல்லையென்றால் முடிவு ஒன்றுதான்.

ஆகவே புதுசாக யாராவது என்னைக் கூப்பிட்டால் "பேக்கப் இருக்கா?" என்று நான் கேட்பதில்லை. எல்லாரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள், பொய்யும் இல்லை, ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். நான் கேட்பது, கடைசியாக எந்தத் தேதியில் அதைத் திருப்பி எடுத்து ஓட்டிப் பார்த்தீர்கள் என்று. அதற்குப் பதில் வருவது அபூர்வம்.

இனி விஷயத்துக்குள் போவோம். கிளவுடில் எல்லாருக்கும் முதலில் கிடைப்பது ஸ்னாப்ஷொட். ஒரு பட்டனை அழுத்தினால் அந்த நிமிடத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பிரதி. நல்ல வசதி. மென்பொருளை அப்டேட் செய்வதற்கு முன் நானும் எடுப்பேன், ஏதாவது பிழைத்தால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குப் போகலாம். ஆனால் அது இருப்பது அதே கணக்கில், அதே பாஸ்வேர்டுக்குள், அதே பில்லின் கீழ். ஹெட்ஸ்னர், லினோட் மாதிரி இடங்களில் மாதக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் தானியங்கி பேக்கப், மெஷினை அழித்தால் அதோடு சேர்ந்து போய்விடும். வீட்டின் மேலதிகச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்த மாதிரி.

கோட் ஸ்பேஸஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மற்றவர்களுடைய மென்பொருள் மூலக்கோப்புகளைப் பாதுகாத்துக் கொடுப்பதே அவர்கள் தொழில். 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய அமேசான் கிளவுட் கணக்குக்குள் புகுந்து கப்பம் கேட்டான். இவர்கள் அவனை வெளியே தள்ளப் பார்த்ததும் மெஷின், டிஸ்க், ஸ்னாப்ஷொட், சேமிப்பு என்று கைக்கு எட்டியதையெல்லாம் அழித்தான். கம்பனியே மூடப்பட்டது. பேக்கப் வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்தவர்கள்தான்.

கணக்கு வேறாக இருந்தாலும் கட்டிடம் ஒன்றாக இருக்கக் கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. காசு கட்டி பேக்கப் சேவை வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு, அந்தப் பிரதியும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார், 2023 இல் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நட்டஈடு வரும், தரவு வராது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகர அரச தரவு மையத்தில் பற்றரி தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் அப்படியே போனது. இவ்வளவு பெரியதுக்கு வெளியே பேக்கப் எடுக்க முடியாது என்று விட்டு வைத்திருந்தார்கள். உலகத்துக்கே மெமரி சிப் விற்கிற நாடு.

சரி, தீ, கள்ளன் எல்லாம் எங்கோ நடப்பது. நம்ம ஊரில் எனக்கு அதைவிடப் பயம் தந்தது வேறொன்று. டொலர்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைக் கைவிட்ட பிறகு, இருநூறு ரூபா சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை ஏறியது. வங்கிகள் கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவைக் குறைத்தன, சிலருக்கு நிறுத்தின. கேஸ் வரிசை, பெட்ரோல் வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் கட். அந்த இழுபறியில் கிளவுட் பில்லை யார் நினைத்தார்கள்? "தம்பி, கார்ட் போகுதில்ல, மெயில் மெயிலா வருது" என்று ஹார்ட்வெயார் கடை நானா கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. கிளவுட் கம்பனிக்கு நம்ம நாட்டு நிலவரம் தெரியாது. பில் கட்டவில்லையென்றால் கொஞ்ச நாள் மெயில் அனுப்பும், பிறகு மெஷினை நிறுத்தும், அதற்கும் பிறகு அழிக்கும். ஸ்னாப்ஷொட்டும் அதே கணக்கில்தானே, அதுவும் போகும். தாக்குதல் இல்லை, விபத்து இல்லை, வெறும் நிலுவைப் பணம்.

அந்த வருடம் கண்டியில் எத்தனையோ கடைகளின் சேர்வரைக் காப்பாற்றியது ஸ்கார்பரோவில் இருக்கிற மாமாமார், லண்டனில் இருக்கிற மச்சான்மார். அவர்களுடைய கார்டில் பில் போனது. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கையே மாமாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தவர்கள், பாஸ்வேர்டை மறந்த மாமாவுக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு அழைப்பு எடுக்கிற நிலைமைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம். டொலரில் பில் வராத ஒரு பிரதி இந்த ஊரிலேயே, ரூபா கொடுத்து வாங்கிய ஒரு டிஸ்கில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து செருகி, பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வைக்கிற டிஸ்க். அழகான ஏற்பாடு இல்லை. ஆனால் வயர் கழற்றிய டிஸ்கை எந்த ரான்சம்வேரும் பூட்டாது.

அந்த டிஸ்க் மட்டும் போதுமா என்றால் போதாது. அதை 2025 நவம்பர் கடைசியில் பார்த்தோம்.

டித்வா புயலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மண்சரிவு, மகாவலி பெருகி கம்பளையில் கடைகளுக்குள் ஏறிய தண்ணீர், கடுகண்ணாவையில் மூடிய கொழும்புப் பாதை. உயிர் போன இடத்தில் பில்லிங் சேர்வரைப் பற்றிப் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் வடிந்த பிறகு கடையைத் திறக்கத்தானே வேண்டும்? யார் யாரிடம் எவ்வளவு கடன், எந்த மருந்து எவ்வளவு இருப்பு என்று தெரியத்தானே வேண்டும்? கல்லாவுக்குக் கீழே கொம்பியூட்டரும் பக்கத்தில் பேக்கப் டிஸ்க்குமாக வைத்திருந்தவர்களுக்குச் சேற்றில் இரண்டும் ஒன்றாகப் போனது. கிளவுடில் வைத்திருந்தவர்களுக்கு மும்பையில் மெஷின் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்டியில் இருந்து அதைப் பார்க்கத்தான் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

கட்டுகஸ்தோட்டை ஃபார்மஸிக்காரர் கார்பன் தாள் வைத்த பழைய பில் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கு நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். இணைப்பு வந்த பிறகு காசாளர் பிள்ளை உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டி ஏற்றினார்.

அந்த நாட்களில் தெரியவந்த ஒரு சின்னச் சிக்கலை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். கிளவுட் கணக்குக்குள் போக ஓடிபி வேண்டும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும். சிக்னல் இல்லாத ஊரில் எஸ்எம்எஸ் எப்படி வரும்? கொழும்பில் இருக்கிற தம்பியிடம் பாஸ்வேர்டைச் சொல்லி, "நீ போய் மெஷினைப் பார்" என்று சொல்லலாம் என்றால், எண் வருவது சார்ஜ் இறங்கிய இந்த ஃபோனுக்கு. இதற்கு வழி இருக்கிறது. ஓடிபி முறையைப் போடும்போதே பல இடங்களில் மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள், ஒவ்வொன்றையும் ஒரு தரம் பாவிக்கலாம். அதை அச்சடித்து, பேக்கப்பைத் திறக்கும் பாஸ்வேர்டையும் கையால் எழுதி, ஒரு கவரில் போட்டு இரண்டு வீட்டில் வைக்க வேண்டும். ஒன்று கண்டியில், ஒன்று கண்டிக்கு வெளியே. பேக்கப்பை மறைகுறியாக்கி வைத்திருந்தால் இது கட்டாயம், அந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால் அது வெறும் குப்பை. மறைகுறியாக்காமல் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். மருந்துச் சீட்டும் நோயாளி பெயரும் இருக்கிற தரவை அப்படியே வெளியே விடக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது.

இப்போது என்னுடைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கிற ஸ்னாப்ஷொட், அந்த நொடியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பெரும்பாலும் எழும்பிவிடும். ஆனால் இங்கே பாவிக்கிற பில்லிங் மென்பொருள்களில் சிலது இன்னும் பழைய மைஐஎஸ்ஏஎம் வகை அட்டவணைகளில் நிற்கிறது, அதை நம்ப முடியாது. ஆகவே இரவில் டேட்டாபேஸிலிருந்து தனியாக ஒரு டம்ப், அதாவது தரவு முழுவதையும் ஒரு கோப்பாக, எடுக்கிறேன். அதையும் பில் ஸ்கேன்கள் இருக்கிற ஃபோல்டரையும் ரெஸ்டிக் என்கிற இலவச மென்பொருள் மறைகுறியாக்கி, வேறு கம்பனியில், வேறு நாட்டில், வேறு மின்னஞ்சலில் திறந்த சேமிப்புக் கணக்குக்கு அனுப்புகிறது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால் முதல் நாள்தான் நேரம் பிடிக்கும். அங்கே 30 நாள் பூட்டு போட்டிருக்கிறேன். கடை மெஷினில் இருக்கிற சாவியை வைத்து யாராவது அழிக்கச் சொன்னாலும், அந்த 30 நாளுக்குப் பழைய பிரதி அசையாது. முழு அதிகாரம் உள்ள பாஸ்வேர்ட் கடை மெஷினில் எங்கேயும் எழுதப்படவில்லை. மூன்றாவதுதான் அந்த அலுமாரி டிஸ்க்.

இதில் எல்லாம் தானாக நடக்கும். ஆபத்தும் அதில்தான். தானாக நடக்கிறது என்று நினைத்து எல்லாரும் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

ஒரு கடையில் நான் பொறுப்பெடுத்தபோது, முன்பு பார்த்தவர் போட்டுவைத்த பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கோப்பு, பெயரில் தேதி, ஒரு நாள்கூடத் தவறவில்லை. பார்க்கவே ஆசையாக இருந்தது. பக்கத்து நிரலில் கோப்பின் அளவு: 20 பைட். அதற்குக் கீழே 20. அதற்குக் கீழேயும் 20. மவுஸை உருட்ட உருட்ட மாதக்கணக்கில் இருபது, இருபது, இருபது. கோப்பைச் சுருக்குகிற ஜிஸிப் என்கிற மென்பொருள், வெறும் காற்றைச் சுருக்கினாலும் ஒரு தலைப்பும் ஒரு வாலும் வைத்து 20 பைட் கோப்பு ஒன்றை எழுதும். நடந்தது என்னவென்றால், யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அன்று முதல் டம்ப் எடுக்கிற கட்டளை தோல்வி. ஆனால் அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்குகிற ஜிஸிப்புக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, கிடைத்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி "வேலை முடிந்தது" என்று சொல்லியிருக்கிறது. இரண்டு கட்டளையைக் குழாய் வைத்து இணைத்தால், லினக்ஸ் ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் பார்க்கும். பைப்ஃபெயில் என்ற ஒரு அமைப்பைப் போட்டால்தான் நடுவில் தோற்றதும் தெரியும். அந்த ஒரு வரி ஸ்கிரிப்டில் இல்லை. நல்லவேளையாக மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கே சரியான டம்ப் எடுத்தாயிற்று. முதலாளியைக் கூப்பிட்டு அந்த நிரலைக் காட்டினேன். "இருபதுன்னா கூடவா கொறைவா?" என்று கேட்டார். உங்களுடைய உண்மையான தரவை இறுக்கிச் சுருக்கினாலும் பல லட்சம் பைட் வரும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

அதனால் இப்போது என் ஸ்கிரிப்ட் கோப்பின் அளவையும் பார்க்கிறது. நேற்றையதைவிடப் பாதிக்குக் கீழே இறங்கினால் எனக்குச் செய்தி வரும். ஒரு இரவு செய்தியே வரவில்லை என்றாலும் அது ஒரு அலாரம். பேக்கப் மெஷின் செத்துக் கிடந்தால் "நான் செத்துவிட்டேன்" என்று அது மெயில் அனுப்பாது, அல்லவா?

இத்தனைக்குப் பிறகும் உண்மையான சோதனை ஒன்றுதான். புதுசாக ஒரு மெஷின் எடுத்து, பேக்கப்பை அதில் இறக்கி, மென்பொருளை ஓட விட வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு மெஷின் வாடகை சில சதம்தான், முடிந்ததும் அழித்துவிடலாம். நான் பார்த்துச் "சரி" சொல்வதில்லை. காசாளரை உட்கார வைக்கிறேன். நேற்றைய கடைசி பில் எண் எது, இந்த வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு, இன்சுலின் இருப்பு எவ்வளவு என்று அவர் தேடிப் பார்க்கட்டும். டேட்டாபேஸ் முழுசாக வந்தும் பில் ஸ்கேன் ஃபோல்டர் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தது காசாளர்தான், நான் இல்லை.

நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிளவுடுக்குக் கிளவுட் இறக்குவது வேகம். ஆனால் 100 ஜிபி தரவை விநாடிக்கு 10 மெகாபிட் ஓடுகிற ஒரு இணைப்பில் கடைக்கு இறக்கினால் 22 மணித்தியாலம் எடுக்கும், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். ஃபார்மஸி அரை நாளுக்கு மேல் தாங்காது. டியூஷன் வகுப்பு ஒரு வாரம் தாங்கும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்கூட. ஆகவே இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு தேவையில்லை, வகுப்புக்காரரிடம் நான் குறைவாகத்தான் வாங்குகிறேன்.

காசு என்று வந்தால், வெளியே வைக்கிற சேமிப்புக்கு டெராபைட்டுக்கு மாதம் ஆறேழு டொலர் என்கிற அளவில் கிடைக்கிறது. நானாவின் கடைத் தரவு பழைய பிரதிகளோடு சேர்த்தும் நூறு ஜிபிக்குள்தான், மாதம் ஒரு டொலர்கூட வராது. அதைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. மாதம் ஒரு தரம் நான் வந்து திருப்பி எடுத்துப் பார்ப்பதற்கான கூலியைச் சொன்னதும் பேரம் தொடங்கியது. "ஒன்னுமே நடக்காத மாசத்துக்கும் காசா?" என்றார். நடக்காத மாதத்துக்குத்தான் என்றேன். கடைசியில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அவருடைய மகன் பக்கத்தில் இருந்து பழகிக்கொள்வது, மூன்றாம் தடவையில் மகன் தனியாகச் செய்வது, நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது என்று ஒப்புக்கொண்டோம்.